அன்புல சொன்னவர்

வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிற வழியில், நெய்வேலியில் மழை பிடித்துக்கொண்டது. நானும் மனைவியும் ஒரு குவார்ட்டர்ஸ் வாசலில் ஒதுங்கினோம். கதவில் பைபிள் வசனம் ஒட்டியிருந்தது. நம்மவர்கள் வீடு என்று நம்பித் தட்டினேன்.

ஷிப்ட் முடிந்து வந்தவர் போலிருக்கிறது, இமையோரமெல்லாம் கரித்தூளோடு ஒருவர் திறந்தார். எங்கள் காவி உடையையும் மனைவி கையிலிருந்த மாதா சொரூபத்தையும் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"நீங்க உள்ள வாங்க பிரதர். அந்தப் பொம்மை வெளியிலயே இருக்கட்டும். அன்புல சொல்றேன்."

சொரூபம் வைத்துக் கும்பிடாத சபைக்காரர் என்று அப்போதுதான் புரிந்தது. குத்துகிற பேச்சையெல்லாம் அவர் அப்படித்தான் முடித்தார்.

"அதத் தூக்கிக்கினு நடந்தா காலுதான் தேயும். அன்புல சொல்றேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப நாங்க நனைஞ்சிக்கிறோம்" என்று மனைவி சொரூபத்தை அணைத்தபடி மழையில் இறங்கி நின்றாள்.

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனவர் குடையோடு வந்தார். அதை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மழை விடும்வரை தான் நனைந்தபடி நின்றார். வாய் மட்டும் ஓயவில்லை.

"குடை சிஸ்டருக்குத்தான், பொம்மைக்கு இல்ல."

கிளம்பும்போது குடையை அவள் கையில் திணித்தார்.

"வச்சிக்கிங்க. திரும்பி வரும்போதாவது பொம்மை இல்லாம வாங்க. அன்புல சொல்றேன்."

நான் நன்றி சொல்லவில்லை. இன்றும் மழை வந்தால் அந்தக் குடையைத்தான் எடுக்கிறேன். விரிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.