வீட்டுக்காரர் இருக்காரா?

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர் பிறந்ததும் கண்மூடியதும் மயிலாப்பூரில் ஒரே மனையில்தான். அம்மாவுக்குப் பின் அப்பாவும் இறந்தபோது அக்காவுக்கு இருபது வயது, எனக்கு எட்டு. கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் டீச்சராகி என்னைப் படிக்கவைத்தார். கல்யாணப் பேச்சை எடுத்தால், "உன்னை மேய்க்கவே நேரம் போதலை, இன்னொருத்தர் வேறயா?" என்பார்.

திருமணத்துக்குப் பின் நான் ஆதம்பாக்கத்தில் வாடகைக்குப் போனேன். மயிலாப்பூர் வீட்டின் பின் போர்ஷனில் சரோஜா குடியிருந்தார். தையல் வேலை செய்பவர், கணவர் ஆட்டோ ஓட்டுபவர்.

தொண்ணூறுகளில் மனை விலை ஏறிய வேகத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும் ஒரு புரொமோட்டரின் ஆளை, அக்காவிடம் சொல்லாமலே அனுப்பிவைத்தேன். மறுநாள் அந்த ஆள் எனக்குப் போன் செய்தார்.

"இன்னா சார், அந்த எடத்துக்கு ஓனரே இல்லியாமே? வில்லங்கமா?"

அலறியடித்து ஓடினேன். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்காரர் இருக்காரான்னு கேட்டாருடா. எனக்கு அப்படி யாரும் கிடையாதுப்பான்னுட்டேன். பாவம், வந்த வழியே போயிட்டார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பின்பக்கத்திலிருந்து சரோஜா வந்துவிட்டார்.

"இன்னா டீச்சர், வூட்ட இடிக்கப் போறீங்களா? இந்த வாடகைக்கு இங்க யார் குடுப்பாங்க? பசங்க இஸ்கூலு இங்கதான் கீது. நாங்க எங்க போறது?"

அக்காவின் சிரிப்பு நின்றது. அன்று மாலைக்குள் முடிவு சொல்லிவிட்டார். மனைக்கு ஈடாக மூன்று ஃபிளாட் வாங்குவது. ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு, ஒன்று சரோஜாவுக்கு, பழைய வாடகைக்கே. நான் கத்தினேன்.

"மூணாவதுக்கு எவ்வளவு வாடகை வரும்னு தெரியுமாக்கா?"

"தெரியும். இந்த வெலை நீயும் நானும் உழைச்சா ஏறிச்சு? தானா ஏறினதுடா. அதுல அவங்களும் கொஞ்சம் உக்காரட்டும்."

ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. இன்று எழுதும்போது கூசுகிறது. என் சம்பளத்துக்கு மயிலாப்பூரில் ஒரு குளியலறைகூட வாங்கியிருக்க முடியாது. ஏறிய விலைதான் என்னைப் பிறந்த இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. அதே விலைதான் எதிர்வீட்டில் குடியிருந்த நான்கு குடும்பங்களையும் தாம்பரத்துக்கு அப்பால் தள்ளியது. எங்கள் மனையில் மட்டும் யாரும் போகவில்லை. கட்டி முடித்ததும் மூன்று வீட்டுக்கும் ஒரே நாளில் பால் காய்ச்சினோம். சரோஜாவின் மூத்த மகள் இங்கிருந்தே கல்லூரி வரை படித்தாள்.

கடைசி மூன்று மாதங்கள் அக்கா படுக்கையில் இருந்தார். வேளை தவறாமல் கஞ்சி ஊட்டியவர் சரோஜா. மருத்துவமனைக்கு ஏற்றி இறக்கியது அவர் கணவர். பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், உடன் நின்ற பள்ளி ஆசிரியைகளுக்கும், ஆதம்பாக்கம் நண்பர்களுக்கும் எங்கள் கைகள் குவிகின்றன. சரோஜாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்.

அக்காவைக் கொண்டுபோக வண்டி வந்தபோது ஓட்டுநர் வாசலில் நின்று கேட்டார்.

"வீட்டுக்காரங்க யாரும்மா?"

அங்கே நின்றிருந்த சரோஜா, "நாந்தான்" என்றார். உள்ளிருந்து ஓடி வந்த நான், "ஆமாம், அவங்கதான்" என்றேன்.