மத்தியானக் குளிசை

கலீலுர் றஹ்மானுக்கு வலிப்பு என்பது கிண்ணியாவில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று கலீல். மற்றது அவனுடைய மனைவி சித்தி பரீதா. முதல் வலிப்பு ஒரு மழைக்காலத்தில், வீட்டுக்குள், கதவு சாத்தியிருந்தபோது வந்தது. பாயில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்தான். வாயில் நுரை தள்ளியது. பிறகு பால் குடித்த பிள்ளைபோல் உறங்கிப்போனான். எழும்பியதும் அவன் கேட்ட முதற் கேள்வி, "ஆரும் கண்டதா, புள்ள?" என்பதுதான்.

யாரும் காணவில்லை. அதைத் தன் அதிர்ஷ்டம் என்றே கலீல் நினைத்தான். அவன் அலியாரின் வள்ளத்தில் வலைக்குப் போகிறவன். அலியார் நல்ல மனிதர். கூலியில் கை வைக்காதவர். ஆனால் வலிப்புக்காரனை வள்ளத்தில் ஏற்றுகிற அளவுக்கு நல்லவர் அல்லர். அதனால் கலீலும் பரீதாவும் மாதம் ஒருமுறை 'பாதை' ஏறினார்கள். தண்ணீரைக் கடந்து அக்கரைக்குப் போகும் மிதவைக்கு ஊரில் அதுதான் பெயர். பட்டினத்து வலிப்புக் கிளினிக்குக்குப் போகிறோம் என்று சொல்லாமல், கேட்கிறவர்களுக்கென்று ஒரு சொல்லைக் கையில் வைத்திருந்தார்கள்: "ஈரலில கொஞ்சம் சூடு."

கிளினிக்கில் டொக்டர் குலசிங்கம். கெட்டிக்காரர்; கெட்ட மனிதரும் இல்லை. ஆனால் அவருக்கு முன்னால் இருந்த நீள வாங்கில் உட்கார இடமில்லாமல் சனம் வாசல்வரைக்கும் நிற்கும். ஆகவே ஆளுக்கு இரண்டு கேள்வி.

"குளிசை மூண்டு நேரமும் எடுக்கிறீரோ?"

"ஓம் ஐயா."

"தண்ணி, நெருப்பு, மரம் ஏறுறது, ஒண்டும் இல்லையே?"

"இல்ல ஐயா."

இரண்டாவது பதில் வருவதற்குள் பேனை எழுதத் தொடங்கிவிடும். ஒருமுறை தம்பலகாமத்து விவசாயி ஒருவர், வேலை மும்முரத்தில் குளிசையை விட்டுவிட்டேன் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். "அரசாங்கம் சும்மா தாற மருந்து. அதை விழுங்கவும் உமக்குப் பஞ்சியோ?" என்று டொக்டர் போட்ட சத்தம் வாங்கின் கடைசி ஆள்வரைக்கும் கேட்டது. அன்று முதல் வாங்கில் இருந்த அத்தனை பேரும் மூன்று நேரமும் குளிசை எடுப்பவர்கள் ஆனார்கள்.

எழுபதுகளின் கடைசியில் நோன்பு ஆடி வெயிலில் வந்தது. விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஒரு குளிசை; நோன்பு திறந்த பிறகு ஒரு குளிசை; மத்தியானக் குளிசைக்கு இடமில்லை.

"வருத்தக்காரருக்கு நோன்பு கடமையில்லதானே, மச்சான்? பிறகு வேற நாளில பிடிச்சுக் களாச் செய்யலாம்," என்று பரீதா சொல்லிப் பார்த்தாள்.

"ஈரல் சூட்டுக்காரன் நோன்ப விட்டா ஊர் ஏனெண்டு கேக்கும். என்ன சொல்ற?"

சொன்ன பொய்க்குச் சோறு போட்டே ஆக வேண்டும். கலீல் நோன்பு பிடித்தான். நோன்பு மாதத்தின் பாதியில், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, கஞ்சி கொதித்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வலிப்பு அவனைப் புரட்டிப் போட்டது. அடுப்புக்கும் தலைக்கும் இடையில் பரீதா தன் உடம்பைக் கொடுத்துத் தடுத்தாள்.

அடுத்த கிளினிக்கில் அவனுக்குப் பின்னால் நின்ற அவள், வலிப்பு வந்ததை மட்டும் சொன்னாள். டொக்டர் நிமிர்ந்தார்.

"குளிசை மூண்டு நேரமும் எடுக்கிறீரோ?"

"ஓம் ஐயா," என்றான் கலீல்.

"அப்ப மருந்து காணாது."

கூட்டி எழுதினார். உள்ளது பரீதாவின் நாக்கு நுனிவரை வந்தது. கலீல் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். வந்தது திரும்பிப் போய்விட்டது.

பெருநாள் முடிந்து, கூட்டிய மருந்தை மூன்று நேரமும் ஒழுங்காக விழுங்கத் தொடங்கியபோதுதான் வினை பிடித்தது. கால் ஓரிடத்தில் வைத்தால் ஓரிடத்தில் விழுந்தது. நாக்குத் தடித்தது. பார்த்ததெல்லாம் இரண்டாகத் தெரிந்தது.

"ரெண்டு பிறை தெரியுது, புள்ள. அடுத்த முறை எந்தப் பிறையப் பாத்துப் பெருநாள் எடுக்கிற?" என்று கலீல் பகிடி விட்டான். பரீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

துறையடிக்காரருக்கு வந்தது. "கலீல் காக்கா பட்டினத்துக்குப் போறது ஈரலுக்கு மருந்தெடுக்க இல்ல. ஈரல அவிக்கிற சாமான் எடுக்க," என்று பெடியள் கதை கட்டினார்கள். ஐந்து நேரமும் தொழுகிற மனிதனுக்குக் குடிகாரன் என்ற பெயர். கதை அலியாரின் காதுக்குப் போய், அவர் படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

"மெய்யச் சொல்லுங்க தங்கச்சி, இவன் குடிக்கிறானா?"

"அல்லா காவல், இல்ல காக்கா."

"அப்ப என்னத்துக்கு இந்தத் தள்ளாட்டம்?"

"ஈரல்," என்றாள் பரீதா. அலியார் நம்பவில்லை என்பது அவர் செருப்பைப் போட்ட விதத்தில் தெரிந்தது.

அன்றைக்கே கலீல் குளிசை முழுவதையும் கொண்டுபோய்த் தண்ணீரில் கொட்டினான். தள்ளாட்டம் போய்விட்டது. கலீல் குடியை விட்டுத் தவ்பாச் செய்துவிட்டான் என்று அலியார் மகிழ்ந்தார். ஆனால் அடுத்தடுத்து இரண்டு வலிப்பு வந்தது. இரண்டும் வீட்டுக்குள். வீடு சிறியது, கடல் பெரியது. மூன்றாவதும் வீட்டுக்குள்தான் வரும் என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்? அவன் வள்ளத்துக்குப் போன ஒவ்வொரு பொழுதும் பரீதா துறையடிப் பக்கம் காதை வைத்துக்கொண்டே அரிசி களைந்தாள்.

அந்த மாதக் கிளினிக்குக்குப் போகும்போது, பாதை மிதவையின் ஓரத்தில் நின்று கலீல் சொன்னான். "உள்ளுக்கு வாய் திறக்காத."

"திறந்தா?"

"உன்ட வாப்பா வீட்ட போகலாம்."

"உங்களக் கடலில மௌத்தாகக் குடுத்துப்போட்டு விதவையா இத்தா இரிக்கிறதவிட வாப்பா வீடு நல்லம்."

பாதை அக்கரையைத் தொட்டதும் கலீல் முன்னால் இறங்கிக் கிளினிக்குக்கு நடந்தான்.

"குளிசை மூண்டு நேரமும் எடுக்கிறீரோ?"

"ஓம் ஐயா."

"இல்ல ஐயா," என்றாள் பரீதா.

வாங்கில் இருமிக்கொண்டிருந்தவர்கூட இருமலை நிறுத்தினார். நோன்பு, மத்தியானக் குளிசை, இரட்டைப் பிறை, குடிகாரப் பட்டம், தண்ணீரில் கொட்டியது எல்லாவற்றையும் அவள் தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தாள். ஏச்சு வரும் என்று காத்து நின்றாள். டொக்டர் பேனையை மூடி வைத்தார்.

"மருந்து காணாதெண்டு நினைச்செல்லோ நான் கூட்டினனான்," என்றார் மெதுவாக. "நோன்பெண்டு சொல்லியிருந்தால் ரெண்டு நேரமாப் பிரிச்சுத் தந்திருப்பன். விடியமுன்னம் ஒண்டு, நோன்பு திறந்தாப்போல ஒண்டு. ஒரு சொட்டு நேரத்து வேலை."

தொழுகைக்கு விதித்த நேரத்தைப்போலக் குளிசைக்கு எழுதிய நேரமும் மாற்ற ஏலாதது என்றே பரீதா அதுவரை நினைத்திருந்தாள். டொக்டரும் தம் பங்குக்கு, மத்தியானம் எல்லோரும் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தார். இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் ஒரு மனிதன் பலமுறை விழுந்து எழும்பிவிட்டான்.

"இப்ப என்ன தொழில் செய்யிறீர்?" என்று டொக்டர் கலீலைக் கேட்டார்.

"கரையில வலை பொத்துறன், ஐயா."

பரீதா கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றைச் சொன்னவள் மற்றதையும் சொல்லத்தான் வேண்டும். "கடலுக்குப் போறார், ஐயா."

"போகக் கூடாது. கதை முடிஞ்சுது," என்றார் டொக்டர். தாதி தங்கரத்தினம் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

அவருக்கு முடிந்த கதை கிண்ணியாத் துறையடியில் தொடங்கியது. பாதையால் இறங்கிய கலீல் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. வாங்கு முழுவதும் கேட்ட கதை தனக்கு முன்னால் போய்ச் சேரக்கூடாது என்று, நேரே அலியாரின் வள்ளத்தடிக்குப் போனான். பரீதா கொஞ்சம் பிந்தி, முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி பின்னால் நடந்தாள்.

"காக்கா, நான் குடிக்கிறவனில்ல," என்றான். "எனக்கு வலிப்பு."

அலியார் வள்ளத்தின் விளிம்பைத் தடவினார். "குடிகாரனெண்டா ஏசி அடிச்சாவது திருத்தி வச்சிருப்பன், கலீல். இத எப்படிடா திருத்திற? நடுக்கடலில நான் வலையப் பிடிக்கிறதா, உன்னப் பிடிக்கிறதா?"

அன்று டொக்டர் மாற்றி எழுதிக் கொடுத்த இரண்டு நேரக் குளிசை நன்றாக வேலை செய்தது. வலிப்பு நின்றது. தள்ளாட்டமும் இல்லை. ஆனால் வள்ளமும் இல்லை. பிறருடைய கிழிந்த வலைகளைப் பொத்திக் கிடைத்ததும், பரீதா பன் புல்லில் பாய் இழைத்து விற்றதும் அடுப்பைப் பாதி எரித்தன. தேத்தண்ணிக் கடையில் கலீலுக்கு ஒரு கோப்பையைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அதன் பிறகு அவன் கடைக்குப் போகவில்லை. வாப்பா வீட்டுக்குப் போ என்று அவன் சொல்லவுமில்லை. வேறு எதையும் அவளோடு பேசவுமில்லை. ஏதும் தேவையென்றால் முற்றத்து ஆட்டைப் பார்த்து, "இந்த வீட்டில தேத்தண்ணி எண்டு ஒண்டு இரிக்கா?" என்று கேட்பான்.

அடுத்த நோன்புக்கு முந்திய மாதக் கிளினிக்குக்கு அவள் தனியாகத்தான் போனாள். வாசலில் தங்கரத்தினம், "நோன்பு பிடிக்கிற ஆக்கள் முதலே சொல்லுங்கோ, குளிசை நேரம் மாத்த வேணும்," என்று சொல்லிக்கொண்டு நின்றாள். புதிய வழக்கம். பரீதாவுக்கு அது கேட்க நன்றாக இருந்தது.

உள்ளே டொக்டருக்கு முகம் மலர்ந்தது. "வலிப்பு வரேல்லையோ? பாத்தீங்களே, உள்ளதைச் சொன்னதால ஆள் தப்பிட்டார்."

"ஆள் தப்பிட்டார், ஐயா," என்றாள். குளிசைப் பொட்டலம் கைக்கு வந்த பிறகும் அவள் எழும்பவில்லை. "தொழில்தான் தப்பல்ல. கரைவலை இழுக்கவும் கூடாதா?"

டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட வாயெடுத்தவர், நிறுத்தினார். "கரைவலை எண்டால் எங்க நிண்டு இழுக்கிறது?"

அவள் சொன்னாள். மணலில் வரிசையாக நின்று கயிற்றை இழுப்பார்கள். மீன் சேர்ந்த வலைமடி கரைக்குக் கிட்ட வரும்போது மட்டும் சிலர் தண்ணீருக்குள் இறங்குவார்கள். அவர் இடையில் இரண்டு கேள்வி கேட்டார், எழுதாமல் கேட்டார்.

"நடு வரிசையில, ரெண்டு பக்கமும் ஆள் நிக்கிற இடத்தில இழுக்கலாம். தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது."

வீட்டுக்கு வந்து, வலை பொத்திக்கொண்டிருந்த கலீலுக்குப் பக்கத்தில் பொட்டலத்தை வைத்தாள். "கரைவலை இழுக்கலாமாம். நடுவில நிண்டு."

ஊசி நின்றது. பல மாதங்களுக்குப் பிறகு அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான்.

"எனக்குப் பக்கத்தில ஆர், புள்ள, நிப்பான்?"

தனக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் அவள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வாய்விட்டுச் சொல்லும்படி ஒரு பெயரும் அகப்படவில்லை.