சம்பந்தி வீட்டில் அப்பா

அப்பா மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு, ரெங்கத்தில் இருக்கும் என் மாமனார் வீட்டுக்குப் போய் இறங்கிவிட்டார். செய்தியைச் சொன்னது என் மாமியார். சனிக்கிழமை காலை, கூலாயில் எங்கள் வீட்டுப் பின்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"பயப்படாதம்மா, ஒண்ணுமில்ல. உங்கப்பா வந்துருக்காரு. பசியாறிட்டு மாமாகூடப் பேசிக்கிட்டு இருக்காரு."

"சும்மா பாத்துட்டுப் போக வந்தாங்களா அத்தை?"

மாமியார் குரலைத் தாழ்த்தி, "தலகாணியோட வந்துருக்காரும்மா" என்றார்.

ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் கணவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "யாரு?" என்றார். "உங்கம்மா. எங்கப்பா அங்க இருக்காரு" என்றேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். அதுவரை நாங்கள் இருவருமே இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் அம்மா, அப்பா, அத்தை, மாமா என்றுதான் சொல்லிவந்தோம். 'உங்கம்மா', 'எங்கப்பா' என்ற பேச்சு அன்றைக்குத்தான் வீட்டுக்குள் வந்தது என்று நினைக்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் குளுவாங்கில் இருந்தவர்கள். அப்பா அரசாங்கத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணன் ஸ்கூடாயில் வீடு வாங்கியிருந்தான். அவனும் அண்ணியும் தினமும் விடியுமுன் கிளம்பி எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். குழந்தை பிறந்தது. அண்ணியின் விடுப்பு முடியப்போகிற நேரத்தில் அம்மா துணிமணிகளை எடுத்துக்கொண்டு ஸ்கூடாய்க்குப் போய்விட்டாள். அப்பாவிடம் கேட்கவில்லை. சொன்னாள், அவ்வளவுதான்.

"நீங்களும் வாங்க, குளுவாங்ல என்னா இருக்கு?" என்று அம்மா கூப்பிட்டிருக்கிறாள். அப்பா மறுத்துவிட்டார். "மருமக இருக்கிற வீட்டுல கைலியக் கட்டிக்கிட்டு நான் எங்க போயி உக்கார்றது?" என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் அதற்குப் பின்னால் வேறொன்று இருந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் ஒரே நாளில் மகன் வீட்டு ஆளாகிவிட்டாளே என்ற ஆத்திரம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டுக்கொண்டு சில வாரங்கள் தனியாகக் கிடந்தார். எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். மகள் வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டால் மருமகன் என்ன நினைப்பார் என்றார். அப்படிச் சொன்னவர்தான் மருமகனைப் பெற்றவர்கள் வீட்டுக்குத் தலையணையோடு போயிருந்தார்.

மாமனாருக்கும் அப்பாவுக்கும் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு உண்டான சிநேகம். மாமனார் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். இருவருமே அதிகம் பேசாதவர்கள், ஆனால் சேர்ந்தால் பேச்சு நிற்காது. ஒரு கோயில் விசேஷத்தில் பார்த்தபோது, "தனியா எதுக்குக் கெடக்குறீங்க சம்பந்தி, வாங்க நம்ம வீட்டுக்கு" என்று மாமனார் வாய்வார்த்தையாகச் சொன்னாராம். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு நாள் என்று நினைத்தோம். இரண்டு வாரமாயிற்று. பிறகு ஒரு மாதம் போயிற்று.

அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வேலையிடத்தில் கணினி முன்னால் இருந்தாலும் மனம் சாலையில்தான் இருந்தது. சனிக்கிழமையானால் ஸ்கூடாய், ஞாயிற்றுக்கிழமையானால் லாயாங் லாயாங் ஊர் வழியாக ரெங்கம். ஸ்கூடாயில் அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே கேட்பாள்.

"அங்க என்னா கொழம்பு வைக்கிறாங்க?"

"மீன் கொழம்பும்மா."

"அவருக்குப் புளி ஜாஸ்தியாப் போட்டா நெஞ்சு எரியும். சொன்னியா?"

"நீயே போன் பண்ணிச் சொல்லு."

"நான் எதுக்குச் சொல்லணும்? அவருக்குத்தான் புதுசா ஒரு வீடு கெடைச்சிருக்கே."

ரெங்கத்தில் அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார். "உங்கம்மா என்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

"அவ எப்படிச் சொல்லுவா? பேரப்புள்ள இருக்கு, மவன் இருக்கான்."

இரண்டு இடத்திலும் நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்கூட இல்லை, பாதிப் பாதியாகச் சொன்னேன். வீடு திரும்பும் வழியில் காரில் என் கணவர் எதுவும் கேட்க மாட்டார். கேட்டாலாவது பேசித் தீர்த்திருக்கலாம்.

ஒருநாள் அவரே பேசினார். ரெங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். இருபுறமும் செம்பனை. எதிரே குலை ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்து வந்தது.

"உங்கம்மா எங்கம்மாவுக்குப் போன் பண்ணிருக்காங்க, தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"'நீங்க நல்லா ஆக்கிப் போடறதாலதான் அவர் அங்கயே உக்காந்துட்டாரு'ன்னு சொன்னாங்களாம். எங்கப்பாதான் சொன்னாரு. எங்கம்மா வாயத் தொறக்கல. எங்கம்மா என்னா, கடையா நடத்துறாங்க?"

"அதுக்கு என்னைக் கோவிச்சு என்னா பண்றது? கூப்பிட்டது உங்கப்பாதானே?"

"கூப்பிட்டா, கெளம்பி வந்துர்றதா?"

"அய்யோ அலமாக்! அப்ப எங்கப்பாவ வெளிய போகச் சொல்லுங்க. உங்க வீடுதானே."

வண்டியின் வேகம் கொஞ்சம் கூடியது. எனக்கு அழுகை வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடந்தால் தேவலை போல இருந்தது. கல்யாணத்தன்று அம்மா என்னைக் கட்டிப் பிடித்து, "இனிமே அதான் உன் வீடு" என்று அழுதாள். இப்போது அந்த வீட்டில் என் அப்பா இருக்கிறார், அம்மா அந்த வீட்டைத் திட்டுகிறாள், நானோ அந்த வீட்டு மகனிடம் அதை 'உங்க வீடு' என்கிறேன்.

போய்ச் சேர்ந்தபோது இரண்டு பெரியவர்களும் முன் கூடத்தில் கோப்பி குடித்துக்கொண்டு, குளுவாங் ரோட்டில் எந்த வளைவில் எந்த வருஷம் வெள்ளம் ஏறியது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். மாமியாரைக் காணவில்லை. சமையல்கட்டைத் தாண்டிப் போனேன். பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

திறந்தால், வெளியே துணி துவைக்கும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த உச்சி வெயிலில் புடவை. கல்யாண வீட்டுக்குப் போவதுபோல ரவிக்கை, முந்தானை எல்லாம் ஒழுங்காக இருந்தது. புடவையை முழங்கால் வரை தூக்கி, வீங்கியிருந்த மூட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கதவுச் சத்தம் கேட்டதும் பதறிப் புடவையை இழுத்துவிட்டார். நான்தான் என்று தெரிந்ததும் மறுபடி தூக்கிக்கொண்டார்.

அந்த வீட்டில் அவரை நான் நைட்டியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மத்தியானம் சமையல் முடிந்ததும் கூடத்தில் பாயைப் போட்டு, காலை நீட்டி, மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே நாடகம் பார்ப்பார். அப்படியே தூங்கிவிடுவார். ஒரு மாதமாக அந்தக் கூடத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எத்தனை நாளா அத்தை இப்படி வெளிய வந்து உக்கார்றீங்க?"

"காத்து நல்லா வருதும்மா இங்க."

ஓர் இலைகூட அசையவில்லை. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தைலப் புட்டியை வாங்கிக்கொண்டேன். தேய்க்கத் தேய்க்க அவர் மெதுவாகப் பேசினார்.

"உங்கப்பா தங்கமான மனுசன். தட்டைக்கூட அவரே கழுவி வச்சிர்றாரு. ஆனா சம்பந்தி முன்னால எப்படிம்மா காலை நீட்டுறது? உங்க மாமாவ வாய் நெறையத் திட்டிக்கூட ஒரு மாசமாச்சு."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கேட்டேன். "ஏன் அத்தை எங்ககிட்ட சொல்லல?"

"என்னான்னு சொல்றது? உங்கப்பாவப் போகச் சொன்னா, நாளைக்கு நீ என் மூஞ்சில முழிப்பியா? எம்மவன் எங்கயும் போக மாட்டான். நீ போயிட்டா நான் என்னா பண்ணுவேன்?"

என் கை நின்றுவிட்டது. அம்மா போன் செய்து சொன்னதையெல்லாம் இவர் விழுங்கிக்கொண்டதும், வெயிலில் வந்து உட்கார்ந்ததும் என்னை இழக்கக்கூடாது என்பதற்காக. பெற்றவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இந்த அம்மா சத்தமில்லாமல் என்னைப் பிடித்து வைத்திருந்தார். எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. இதற்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ளமுடியாது என்று தோன்றியது.

சாயங்காலம் அப்பா முன்வாசலில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமனாரும் என் கணவரும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, நீங்க இங்கேருந்து கெளம்பணும்."

துணியைப் பிழிந்தபடியே, "உங்கம்மா சொல்லி விட்டாளா?" என்றார்.

"இல்ல."

"அப்ப உன் மாமியாரா?"

"அவங்க வாயத் தொறக்கல. நான்தான் சொல்றேன்."

"சம்பந்தி எதுவும் சொல்லலியே. எவ்ளோ சந்தோசமா இருக்காரு."

"மாமா சந்தோசமாத்தான் இருக்காரு. அத்தை பாவம், அவங்க வீட்டுலயே காலை நீட்டி உக்கார முடியல. ஸ்கூடாய்ல மருமக முன்னால எப்படி உக்கார்றதுன்னு கேட்டீங்களே. இங்க உங்க முன்னால அவங்க எப்படிப்பா உக்காருவாங்க?"

அப்பா துணியை வாளியின் விளிம்பில் போட்டார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்ததேயில்லை. கோபம்கூட இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தி வழி கேட்டால் பார்ப்பதுபோல இருந்தது.

"சரி" என்றார்.

அவ்வளவுதான். உள்ளே போய்ச் சட்டையை மாற்றினார். மாமியாரிடம், "தங்கச்சி, வீட்டைப் பூட்டிப் போட்டு ரொம்ப நாளாச்சு, பாத்துட்டு வரேன்" என்றார். சம்பந்தி திரும்பி வரும்வரைகூட நிற்கவில்லை.

மோட்டார் தெருமுனையைத் தாண்டிய பிறகு மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"நீ என்னா சொன்னே அவர்கிட்ட?"

சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னைக் கெட்டவளாக்கிட்டியேம்மா! சம்பந்திய வெரட்டிட்டாங்கன்னுதானே நாளைக்கு ஊரு பேசும்? உன்கிட்ட சொன்னது என் தப்பு."

திரும்பி வந்த மாமனார் விஷயம் தெரிந்ததும் தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு பல வாரங்கள் அவர் என்னிடம் நேராகப் பேசவில்லை. காரில் என் கணவர் மட்டும், "நான் சொல்லியிருக்கணும், நீ ஏன் சொன்னே?" என்றார்.

"நீங்க சொன்னா மருமகன் வெரட்டிட்டாருன்னு ஆயிடும். மக சொன்னா மக கோவிச்சுக்கிட்டான்னு போயிடும்லா."

அவர் ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை பிடித்திருந்தும் மனம் ஆறவில்லை. அப்பா இருட்டுவதற்குள் குளுவாங் போய்ச் சேர்ந்திருப்பாரா, அந்த வீட்டில் ஒரு பிடி அரிசியாவது இருக்குமா என்று ஓடிக்கொண்டேயிருந்தது.

அம்மாவிடம் நானே போன் செய்து சொன்னேன். 'அவரு வேற வீட்டுல கெடக்குறாரே' என்று குமைந்தவள்தானே, இனி சமாதானமாவாள் என்று எண்ணியிருந்தேன்.

"என் புருஷனை வெளிய போன்னு சொல்ல நீ யாருடீ?" என்று கத்தினாள். "மாமியாருக்குக் கால் வலின்னா ஒனக்குத் துடிக்குது. பெத்தவன் இருட்டுல மோட்டார் ஓட்டிக்கிட்டுப் போறான். கட்டிக் குடுத்த வீட்டுக்கு நல்லா ஆளாயிட்டே!"

'நீ மட்டும் யார் வீட்டு ஆளாம்மா?' என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஆனால் அவள் சொன்னதை மறுக்கவும் என்னால் முடியவில்லை.

மறுநாளே அண்ணனை விடுப்பு எடுக்கச் சொல்லி அழைத்துக்கொண்டு அம்மா குளுவாங்குக்குப் போனாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. வாசலில் நின்ற அண்ணனுக்கு முதலில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டதாம், பிறகு அம்மா அழுகிற சத்தமாம். அதிலிருந்து ஒரு ஏற்பாடு உண்டானது. வார நாட்களில் அம்மா ஸ்கூடாயில். வெள்ளிக்கிழமை இரவு அண்ணன் குளுவாங்கில் கொண்டுபோய் விடுவான், ஞாயிறு மாலை திரும்ப அழைத்துப் போவான். இருவருக்குமே அதில் திருப்தியில்லை. அண்ணிக்கும் இல்லை. ஆனாலும் அப்படியே நடக்கிறது.

அப்பா இப்போதும் ரெங்கத்துக்குப் போகிறார். கோப்பி குடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிடுகிறார். எங்கள் வீட்டுக்கு மட்டும் வெகுநாள் வரவில்லை. தீபாவளிக்குத்தான் வந்தார். மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். என் கணவரிடம், "மாப்பிள்ளை, வேலையெல்லாம் எப்படிப் போவுது?" என்று விசாரித்தார். என்னிடம், "தண்ணி குடும்மா" என்றார். அந்த 'ம்மா'வைப் பிடித்துக்கொண்டு நான் சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டேயிருந்தேன். அவர் கேட்காததையெல்லாம் கொண்டுபோய் வைத்தேன்.

கிளம்பும்போது ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாமியாரிடம் சொன்னார்: "தங்கச்சி, உங்க மருமக வீட்டை நல்லா வச்சிருக்கா."

"உங்க மகதானே அண்ணே" என்றார் மாமியார் சட்டென்று.

அப்பா சிரித்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை முழுக்க 'உங்க மருமக' என்று அப்பா சொன்னதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் கணவரிடம் கேட்டதற்கு, "பாராட்டித்தான் சொன்னாருலா, நீயா ஏன் எதையாவது நெனைச்சுக்கிறே?" என்றார். இருக்கலாம். அப்பா அடுத்த முறை வரும்போது கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதன் பிறகும் இரண்டு மூன்று முறை வந்துவிட்டார். நான் இன்னும் கேட்கவில்லை.