சின்னான் திக்கிய இடம்

இந்தப் பாவத்தைப் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று. நெஞ்சு ஆறவில்லை, உங்களிடமும் சொல்கிறேன்.

மலையில் பேரணை கட்டிக்கொண்டிருந்த காலம். உத்தமபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் நான் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். சாமியார் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் வருவார். மந்திரங்களைத் தப்பில்லாமல் ஒப்புவிக்கிறவர்களை மட்டும் ஞானஸ்நானத்துக்கு அவர்முன் நிறுத்துவேன். கல்லுடைக்கும் சின்னான் மூன்று முறை வந்தான். மூன்று முறையும் விசுவாச மந்திரத்தில், பாவப் பொறுத்தலைச் சொல்லும் வரியில் திக்கினான். திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒரு நடுப்பகலில் அவன் மனைவி ஓடிவந்து அழைத்தாள். சின்னானுக்கு வாந்திபேதி. கண்கள் உள்ளே போயிருந்தன. சாகக் கிடப்பவனுக்கு நானே ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் குனிந்து, "மந்திரத்தச் சொல்லு" என்றேன்.

சொன்னான். அதே வரியில் நின்றான். மூச்சு இழுத்தது. பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர். நான் தொடவில்லை.

அவள் என் கையைப் பிடித்துச் செம்பில் வைத்தாள்.

"போன வருசம் காய்ச்சல்ல கெடந்த எங்க பச்சப் பிள்ளைக்கு ஊத்துனீகளே, உபதேசியாரய்யா! அது எந்த மந்திரத்தச் சொல்லுச்சு? அது போன எடத்துக்குத்தான் இவுகளும் போகணும்ங்கிறாக!"

செம்பை எடுத்தேன். ஊற்றினேன். பாதி நெற்றியில், பாதி மண்ணில். அவன் உதட்டை நனைத்துக்கொண்டு கண் மூடினான்.

அவன் திக்கிய வரியைச் சிறுவயதிலிருந்தே நான் தப்பில்லாமல் சொல்லி வந்திருக்கிறேன். அந்தப் பொறுத்தல் எனக்கும் வேண்டியது என்று அன்றுதான் தெரிந்தது.