உலக்கை முந்திய பாட்டு

உலக்கைச் சத்தம் எங்கே கேட்டாலும் இன்றும் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் முற்றத்தில் அதற்கான ஆவாரம்பட்டை இடிக்கும் பெண்கள் ஆறு பேர் ஒன்றாகப் போட்ட சத்தம் நினைவுக்கு வந்துவிடும்.

அப்போது நான் வேலூரில் பாட்டு வாத்தியார். வேலைப் பாட்டுகளைச் சேகரிக்கச் சென்னையிலிருந்து வந்த ஒரு பேராசிரியருக்கு ஸ்வரம் எழுதிக் கொடுக்கப் போனேன். மற்றவர்கள் ராகத்தை ஆராய்ந்தால் இவர் கூலியையும் அரசியலையும் சேர்த்து ஆராய்வார். கூலி குறைந்தால் பாட்டு மாறுமா என்பதே அவர் கேள்வி. ஊரில் வேலைநிறுத்தப் பேச்சு புகைந்துகொண்டிருந்தது. எனக்கோ அங்கே போகவே நடுக்கம்.

கூலியைக் குறைத்த முதலாளியின் பெயர் அந்தப் பெண்களின் பாட்டில் ஒரு வசவோடு வரும். சரியாக அந்த இடத்தில் ஆறு உலக்கையும் சேர்ந்து விழும். பெயர் அமுங்கிவிடும். பக்கத்திலேயே நிற்கும் மேஸ்திரிக்குக் கூடத் தெரியாது. பேராசிரியர் விடாமல் கேட்டதால், முன்பாட்டுப் பாடும் அக்கா அந்தப் பெயரை அவர் காதில் சொன்னாள். "வெளிய சொல்லிடாதீங்க சாமி, மூணு புள்ளைங்க வச்சிருக்கேன்."

எழுதிய பாட்டைப் பாடியவர் முன்னாலேயே பாடிக் காட்டித் திருத்துவது பேராசிரியரின் வழக்கம். மேஸ்திரி வெளியே போயிருந்த நேரம், பெண்களை இடிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிப் பாடினார். ஸ்வரம் பிசகக் கூடாதென்று நிதானமாக இழுத்தார். பழகிய கைகள் பழகிய வேகத்திலேயே இடித்தன.

மேஸ்திரி உள்ளே வருவதை நான் பார்த்தேன். பேராசிரியரின் தோளைத் தொட்டிருந்தால் போதும். அசைந்தால் என்மேல் கண் விழுமே என்று கல்லாய் உட்கார்ந்திருந்தேன். உலக்கைகள் முந்தி விழுந்தன. அதன் பிறகுதான் பெயர் வந்தது, வசவோடு, அட்சர சுத்தமாக.

தப்பு தன்னுடையது என்று பேராசிரியர் மன்றாடினார். "நீங்க படிச்சவங்க சார், உங்கள இன்னா சொல்லப்போறேன்?" என்ற மேஸ்திரி, அக்காவிடம் திரும்பி, "இது உன் பாட்டுதானே? நாளையிலேர்ந்து வராத" என்றான்.

அக்கா பேராசிரியரைத் தாண்டி வந்தாள். சேலையில் ஒட்டிய பட்டைத்தூளை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவன் வர்றத நீங்க பாத்துக்கினுதானே இருந்தீங்க?"

ஆராய்ச்சி புத்தகமாயிற்று, பேராசிரியருக்குப் பெரிய பதவியும் வந்தது. அந்தப் பாட்டை மட்டும் அவர் சேர்க்கவில்லை. இன்று முதலாளியும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. நான் பயப்பட ஒருவரும் மிச்சமில்லை. ஆனாலும் இதை எழுதும்போதுகூட அந்தப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.