மூன்று துவாய்களும் ஜெயமலரின் முதுகும்

சுவிஸின் வின்டர்தூரில், பழைய தொழிற்சாலைக் கூடம் ஒன்றில் நடக்கும் ஜிம்மில் ஐம்பத்திரண்டு வயதில் ஜெயமலர் போய்ச் சேர்ந்தது அழகுக்காக அல்ல. அழகில் தனக்கொரு குறை இருப்பதாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. முதுகுதான் பிரச்சினை.

முதியோர் இல்லம் ஒன்றின் மூன்றாம் மாடியில் அவளுக்குப் பதினான்கு வருட வேலை. வயதானவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி, குளிக்க வார்த்து, கதிரையில் இருத்த வேண்டும். 2018 மார்கழியில் ஒரு காலை, குனிந்தவள் நிமிரவில்லை. இரண்டு கிழமை படுக்கை. திரும்பிப் போனபோது நிலக்கீழ் அறையில் சலவைத் துணி மடிக்க விட்டார்கள். மார்ச் கடைசியில் ஒரு சோதனை என்றார்கள். பதினைந்து கிலோப் பெட்டியை நிலத்திலிருந்து மேசைக்குப் பத்துத் தடவை தூக்கி வைக்க வேண்டும். முடிந்தால் மூன்றாம் மாடி. முடியாவிட்டால் பென்ஷன் வரை துணிதான். துணியோடு என்னத்தைக் கதைப்பது? வாய்க்கு வேலை இல்லாவிட்டால் வருத்தம் வந்துவிடுகிற பெண் அவள்.

ஜிம்மில் இல்லாத சாமான் இல்லை. மாலை ஆறு மணிக்குப் போனால் இல்லாத ஆளும் இல்லை. பாரம் ஏற்றித் தூக்கும் ராக் நான்கு. சுற்றி நிற்பவர் பன்னிரண்டு பேர். "இன்னும் எத்தனை சுற்று இருக்கிறது?" என்று யாராவது ஜெர்மனில் கேட்டால் போதும். தன்னை எழும்பச் சொல்கிறார்கள் என்று நினைத்து, "பிட்டே, பிட்டே" என்று இரண்டு கையாலும் இடத்தைக் காட்டிவிட்டு விலகிவிடுவாள். பந்திக்கு முந்தத் தெரிந்த ஊரில் பிறந்தவள்தான். இரும்புக்கு முந்தக் கூச்சம். முதல் மூன்று கிழமையில் அவள் உருப்படியாகத் தூக்கியது தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை மட்டுமே.

நான்காம் கிழமை மூளை வேலை செய்தது. வியர்வை துடைக்கும் துவாய் மூன்று வாங்கினாள். போனதும் ஒன்றை ராக்கில், ஒன்றை பெஞ்சில், ஒன்றைக் கால் மெஷினில் போட்டாள். ஊரில் பஸ் நிற்க முதலே யன்னலால் லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, எறிந்து சீற் பிடித்துப் பழகிய கையல்லவா! அங்கே அது எழுதாத சட்டம். லேஞ்சி கிடந்தால் எவரும் இருக்கமாட்டார். இங்கேயும் எவரும் இருக்கவில்லை. வியர்வை படாதபடி எல்லோரும் துவாய் விரிக்கிற இடம் என்பதால், துவாய்க்காரர் இதோ வந்துவிடுவார் என்று பாவங்கள் காத்து நின்றார்கள். துவாய்க்காரியோ மறுகோடியில் ஆறுதலாகக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள்.

புருஷன் சண்முகலிங்கம் ரயில் பெட்டி துப்புரவாக்குகிறவர். கதையைக் கேட்டு, "அது மூளை!" என்றார். அவருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

இரண்டு கிழமை கழிந்த ஒரு மாலை, மூன்று துவாயும் வரவேற்பு மேசையில் ஓரம் பிசகாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மேசைப் பெண் சிரித்த முகத்தோடு, துவாய் உடம்புக்குக் கீழே விரிக்கத்தான், இடம் பிடிக்க அல்ல என்றாள். சுவிஸ்காரர் சத்தம் போடுவதில்லை. போட்டிருந்தால் பதிலுக்கு இரண்டு சொல்லி ஆறியிருப்பாள். அந்த மடிப்புத்தான் அவளைக் கொன்றது.

"இனி நான் அங்கை போகமாட்டன். வெட்கக்கேடு," என்றாள் வீட்டில்.

"இஞ்சேரும், துவாய் போட்டதுக்கு ஆரும் நாடு கடத்துறேல்லை. சோதினைக்கு இன்னும் ஆறு கிழமை கிடக்கு. கீழை இருந்து துணிதான் மடிக்கப் போறீரோ?"

"மாட்டன்."

"அப்ப நாளைக்கும் போம்."

போனாள். ராக்கில் மார்குஸ் நின்றார். கூரை வேலைக்காரர், தாடி வைத்த மலை. பாரில் நூற்றிருபது கிலோ. தயங்கி நின்றவளிடம் எத்தனை கிலோ தூக்குவாய் என்று கேட்டார். முப்பது என்று நா கூசச் சொன்னாள். அவரோ மறுபேச்சின்றிப் பாரிலிருந்த இரும்புத் தட்டுகளைக் கழற்றத் தொடங்கினார்.

"வேண்டாம், உங்களுக்குக் கரைச்சல்," என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் பதறினாள்.

"ஒரு சுற்று முடிந்தால் நான் மூன்று நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். அதுவரை பார் சும்மாதானே கிடக்கிறது?"

அப்போதுதான் விளங்கியது. எத்தனை சுற்று என்று கேட்டவர்கள் எல்லோரும் கேட்டது அந்த மூன்று நிமிடத்தைத்தான். ஒருவரும் அவளை எழும்பச் சொல்லவில்லை.

ஆனால் ஒரு மனிதர் தனக்காக இரும்பு சுமக்க, கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? அடுத்த நாள் முதல் அவளே முந்திக்கொண்டாள். மார்குஸ் ஒரு தடவை செய்து காட்டினார்: முழங்காலை மடி, தட்டை நெஞ்சோடு அணை, பிறகு எழும்பு. முதலில் பத்துக் கிலோத் தட்டு, ஒரு மாதத்தில் இருபது. கழற்றி நிலத்தில் வைப்பாள், தன் முப்பதைத் தூக்குவாள், மறுபடி எல்லாவற்றையும் எடுத்து ஏற்றுவாள். நாலு சுற்றில் எத்தனை குனிதல், எத்தனை நிமிர்தல்! தனக்கென்று செய்தால் ஐந்து நிமிடத்தில் களைத்துவிடுவாள். பிறத்தியாருக்கென்றால் அவளுக்குக் களைப்பே தெரியாது.

சோதனை நாளில் பிசியோதெரபிப் பெண் பெட்டியைக் காட்டினாள். ஜெயமலர் தூக்கி வைத்தாள், இறக்கினாள், தூக்கினாள். ஐந்தாம் தடவை நிறுத்தி, "பாரமான பெட்டி எப்போது வரும்?" என்று கேட்டாள். நக்கலுக்கல்ல, உண்மையாகவே கேட்டாள்.

"இதுதான் அது," என்றாள் அந்தப் பெண்.

திங்கட்கிழமை காலை மூன்றாம் மாடி. எண்பத்தெட்டு வயது ஹோஃபர் அம்மா அவளைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். மூன்று மாதக் கோபம். ஜெயமலர் முழங்காலை மடித்து, கிழவியை நெஞ்சோடு அணைத்து, எழும்பினாள். முதுகு மூச்சுக் காட்டவில்லை.

"மற்றப் பெண்கள் நல்லவர்கள்தான்," என்றார் ஹோஃபர் அம்மா கதிரையில் இருந்ததும். "ஆனால் பேச ஒருவருக்கும் நேரமில்லை. நான் யாரோடும் பேசி மூன்று மாதம்."

"நானும்தான்," என்றாள் ஜெயமலர். சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, கிழவியின் தலையை வாரியபடி, கதைக்கத் தொடங்கினாள்.