முனியாண்டிக்கு நேர்ந்த சேவல்

பக்கத்து வீட்டு இரும்புக் கதவு டமாரென்று விழுந்தது. ஈப்போ நகருக்குக் குடிவந்து இத்தனை வருடமாகியும் அந்தச் சத்தம் எனக்குக் கூண்டுக் கதவு விழுந்த சத்தம்தான்.

நான் சிறுமியாக இருந்தபோது பத்து காஜா ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம்; எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் பெரிய சதுப்பு. அங்கிருந்து வரும் காட்டுப்பூனை எங்கள் கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போனது. அப்பா கம்பிக் கூண்டு செய்தார். முன்பாதி பூனைக்கு, பின்பாதி இரைக்கு, நடுவில் கம்பித் தடுப்பு. "ஒரு கோழியப் புடிச்சிட்டு வா" என்றார். கைக்கு எட்டியதைக் கொடுத்தேன். அம்மா முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது.

மத்தியானம் மழை பிடித்தது. கூண்டுக் கதவு விழுந்த சத்தம் கேட்டு மூவரும் ஓடினோம். பூனை உள்ளே சீறிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாதிக் கூண்டுக்கு ஏறியிருந்தது. சேவலைப் பார்த்ததும் அம்மா சேற்றில் இறங்கினாள்.

"எறங்காதலா, பூனை கிழிச்சிரும்" என்றார் அப்பா.

அம்மா குனிந்து, பூனையின் கதவைத்தான் முதலில் தூக்கினாள். அது அவள் தோளைக் கீறிவிட்டுப் பாய்ந்து மறைந்தது.

"சாமி சேவல வச்சுப் புடிச்சது நமக்கு வேணாம்" என்றாள், நனைந்த சேவலை மார்போடு அணைத்தபடி.

அடுத்த வாரம் பூசையில் அதை அறுத்தபோது, அதன் காலைப் பிடித்துக்கொண்டவள் நான்தான்.